நான்காவது விதியை எழுதியவனுக்கு

என் தாணு அண்ணா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உன் இடதுகைப் பெருவிரலைப் பார்த்தேன். பல் தேய்க்கவில்லை, அடுப்புப் பற்றவைக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியே போனைத் திறந்து, அந்தப் படத்தை இரண்டு விரலால் விரித்து விரித்து, உன் பெருவிரல் திரை முழுக்க வரும்வரை பெரிதாக்கினேன். நகத்தின் ஓரத்தில் கறுப்பாக வண்டிக் கிரீஸ். அதற்கு மேல் விரித்தால் விரல் கலைந்து சின்னச் சின்னக் கட்டங்களாகிவிடுகிறது. அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

பதினொரு நாளாக இதுதான் என் காலை. எந்தப் படம் என்று கேட்பாய். இருக்கக் கூடாத படம். நீ எழுதிய நான்காவது விதிப்படி, எடுத்தவன் எல்லார் முன்னாலும் எப்போதோ அழித்திருக்க வேண்டிய படம்.

நீ போய் இந்த மாசி வந்தால் இரண்டு வருடம். நடந்ததையெல்லாம் ஒழுங்காகச் சொல்லலாம் என்று உட்கார்ந்தால் படம்தான் முன்னால் வந்து நிற்கிறது. கொஞ்சம் பொறு, முதலில் மற்ற செய்திகளைச் சொல்லிவிடுகிறேன்.

நம் பைக் கூட்டம் கலைந்துவிடவில்லை. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு விடிந்ததும் கிழக்கேகோட்டையில் அதே சாயாக்கடைக்கு எதிரில் வண்டிகள் வந்து நிற்கின்றன. இப்போது பதினேழு வண்டி. நீ கொண்டுபோன அதே சாமான்கள்தான்: பெரியவர்களுக்கான டயப்பர், சிறுநீர்ப் பை, படுக்கைப் புண்ணுக்கு மருந்து, கேழ்வரகு மாவு. பின்சீட்டில் கட்டிக்கொண்டு, பொன்முடியில் தேயிலைத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் போகிறோம். எப்போதாவது பேருந்து வருகிற மலை. வந்தாலும், படுக்கையில் கிடப்பவருக்கு அதனால் என்ன?

லீலாம்மா டீச்சர்தான் இப்போது தலைவர். அறுபத்தெட்டு வயதில் அதே ஸ்கூட்டர், அதே இடம், வரிசையின் கடைசி. கணக்கு டீச்சராக இருந்த பழக்கம் போகவில்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் முன்னால் போகிற வண்டிகளை வாய்விட்டு எண்ணிக்கொண்டே வருகிறார்.

நானும் போகிறேன் அண்ணா. நம்புவாயா? ஞாயிற்றுக்கிழமை ஒருநாளாவது தூங்கவிடு என்று உன்னை விரட்டியவள், இப்போது டீச்சருக்கு முந்தின இடத்தில் என் ஸ்கூட்டரில் போகிறேன். நீ இருந்த எட்டு வருடத்தில் ஒரு தடவைகூட வரவில்லை. ஏன் வரவில்லை என்று நீ கேட்டதே இல்லை. கேட்டிருக்கலாம்.

விதிப்புத்தகமும் என்னிடம் வந்துவிட்டது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அதை வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்குவது என் பொறுப்பு. தட்டச்சு செய்தவளே வாசிக்கட்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

நினைவிருக்கிறதா, நீ சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தது? கழக்கூட்டத்து ஐ.டி. அலுவலகத்தில் மென்பொருளுக்கு உபயோகக் குறிப்பு எழுதிப் பிழைப்பவள் நான். இந்தப் பொத்தானை அழுத்தவும், அந்தக் கட்டத்தைத் தேர்வு செய்யவும் என்று பகல் முழுக்க எழுதுகிற கை, உன் முதல் விதிக்கும் தானாகவே ‘தயவுசெய்து’ என்று போட்டது.

“எளா, அத எடு. தயவுசெய்துன்னு போட்டா, செய்யாட்டியும் ஒண்ணுமில்லன்னு நெனைப்பானுவ.”

மோட்டார் சைக்கிள் கூட்டத்தின் விதிகள் என்றால் வேகம், ஹெல்மெட், வரிசை என்று இருக்கும் என்று நினைத்தேன். உன் பதினொரு விதிகளில் வேகத்தைப் பற்றி ஒன்றுதான். மற்றதெல்லாம் வண்டியை நிறுத்திய பிறகு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது. ஹெல்மெட்டோடு வாசலில் நிற்கக் கூடாது. பால் இல்லாத கட்டஞ்சாயா கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. ‘உதவி’ என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது, சாமான் வந்திருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். லயத்துக்கு முந்தின கடைசி வளைவிலேயே எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருட்டிக்கொண்டு போக வேண்டும். உள்ளே நோயாளி தூங்கலாம் என்பது நீ வெளியில் சொன்ன காரணம். எந்த வீட்டு வாசலில் வண்டி வந்து நிற்கிறது என்று லயம் முழுக்கத் தலைநீட்டிப் பார்க்க வேண்டாம் என்பது என்னிடம் சொன்ன காரணம்.

அந்த ஏற்றத்தில் உன் கனத்த வண்டியை மூச்சுவாங்க உருட்டும்போது, பின்வண்டிச் சஜி கேட்பானாம், “சேட்டா, இது பைக் கூட்டமோ சுமடு தூக்குறவர் கூட்டமோ?” நீ பதில் சொல்ல மூச்சு இல்லாமல் முறைப்பாயாம். இதையெல்லாம் நான் இப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

நான்காவது விதி எப்படி வந்தது என்பது மட்டும் எனக்கு நேரில் தெரியும். கூட்டம் தொடங்கிய முதல் வருடம், விதி என்று எதுவும் இல்லாத காலம். விதுராவைத் தாண்டி ஒரு வீட்டில் சக்கர நாற்காலி கொடுத்தீர்கள். அந்த அம்மா நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு நிற்க, நீதான் படம் எடுத்தாய். சந்தோஷத்தில் எடுத்தாய். நான்கு பேருக்கு அனுப்பினாய், அவர்கள் நாற்பது பேருக்கு அனுப்பினார்கள். நகரத்தில் விடுதியில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்த அந்த அம்மாவின் மகள், பக்கத்துக் கட்டில்காரியின் போனில் தன் அம்மாவைப் பார்த்தாள்.

அடுத்த மாதம் நீ போனபோது நாற்காலி துடைத்து வாசலில் வைக்கப்பட்டிருந்தது. கதவு திறக்கவில்லை. உள்ளே ஆள் இருப்பது ஜன்னலில் தெரிந்தது என்றாய். நாற்காலியை மடக்கி வண்டியில் கட்டிக்கொண்டு திரும்பி வந்தாய். அன்று மாலை சட்டைகூட மாற்றாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எழுது என்றாய்.

“படம் எடுக்கப்பிடாது. அவுங்க ஆமான்னு சொன்னாலும் எடுக்கப்பிடாது.”

“அவங்களே சரின்னு சொன்னா என்ன?” என்று நான் கேட்டேன்.

“கைநீட்டி வாங்குற நேரத்துல ஆரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாவ, கேட்டியா. அது ஆமாவே இல்ல.”

மீறினால் படத்தை எல்லார் முன்னாலும் அழிக்க வேண்டும், மூன்று பயணத்துக்கு மலை ஏறக் கூடாது, கிழக்கேகோட்டையிலேயே நின்று மற்றவர்களுக்குச் சாமான் கட்டித் தர வேண்டும். மூன்று என்ற எண் எங்கிருந்து வந்தது என்று புதியவர்கள் கேட்பார்கள். நீ மூன்று மாதம் அப்படி நின்று கட்டினாய், அங்கிருந்து வந்தது.

இனி அந்தப் பதினொரு நாள் விஷயம்.

அன்று சாயங்காலம் சஜி வீட்டுக்கு வந்தான். வரிசையில் உனக்கு அடுத்த வண்டியாக வந்தவன், பம்ப் ஹவுஸில் வேலை பார்க்கிற அதே சஜி. அவன் தமிழ் உனக்குத் தெரியுமே, பாதி வழியில் மலையாளத்துக்குத் திரும்பிவிடும்.

“அம்மா எவிடே சேச்சி?”

“உள்ள டிவி பாத்துட்டிருக்கா. என்ன சஜி, முகமே சரியில்ல?”

“ஒரு தப்பு செஞ்சுபோயி. மூணு வருஷம் ஆச்சு.”

“வண்டிய எங்கயாவது இடிச்சியா?”

“அதாயிருந்தா கொள்ளாமே. வர்க்‌ஷாப்புல விட்டா சரியாகும்.”

போனை என் பக்கம் திருப்பினான். புதுப் போன் வாங்கியிருக்கிறான். பழையதிலிருந்து எல்லாவற்றையும் மாற்றும்போது இது வந்து நின்றிருக்கிறது.

“கதவு மறைவுல நின்னு எடுத்தது. சேட்டன் அறியல. எப்பவும் முகம் கனப்பிச்சு நடக்கிற ஆளு, அன்னைக்கு ஒரு சிரி. கை தன்னால எடுத்துப்போச்சு சேச்சி. பின்னே அழிக்கலாம்னு எடுப்பேன், அந்தச் சிரியைப் பார்ப்பேன், வெச்சிருவேன். சேட்டன் போனதுக்கப்புறம் தீரே அழிக்க முடியல.”

“எங்கிட்ட ஏன் கொண்டுவந்தே?”

“புஸ்தகம் சேச்சிட்ட அல்லே.”

என் போனுக்கு அனுப்பிவிட்டு, தன் இரண்டு போனிலும் அழித்து, அழித்ததை எனக்குக் காட்டினான். ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தான். வாசலில் வண்டியைத் திருப்பிக்கொண்டே சொன்னான்: “இனி அது சேச்சி கையில மாத்ரம். எல்லார் முன்னாலயும் சொல்லணும்னா சொல்லிக்கோ. ஞான் மூணு மாசம் சாமான் கட்டறேன்.”

அண்ணா, நான் சொல்லவில்லை. அழிக்கவும் இல்லை.

அதில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாதல்லவா, சொல்கிறேன். லயத்து வீட்டின் படி. நீ கீழ்ப்படியில் உட்கார்ந்திருக்கிறாய். மேல்படியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மாடசாமி அண்ணாச்சி, பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோனவர். அவருடைய வலது கால் உன் மடியில் இருக்கிறது. உன் ஒரு கையில் நகவெட்டி, இன்னொரு கைப் பெருவிரலால் அவர் கால்விரலைப் பிரித்துப் பிடித்திருக்கிறாய். அவர் சட்டைப் பொத்தான் திறந்து கிடக்கிறது, கோணிய வாயோரத்தில் எச்சில் வழிகிறது, அந்த வாயோடு உன்னைப் பார்த்துச் சிரிக்கிறார். நீ தலையைப் பின்னால் சாய்த்து, மேல்வரிசைப் பல் முழுக்கத் தெரியச் சிரிக்கிறாய். அவர் என்ன சொன்னார்? அப்படிச் சிரிக்கும்படி அந்த மனிதர் உன்னிடம் என்னதான் சொன்னார்?

கட்டிலுக்கடியில் விழுந்த நகவெட்டியைக் குனிந்து எடுக்க என்னைக் கூப்பிடுகிறவன் நீ.

அப்பா கடைசி ஆறு மாதம் நடுவறைக் கட்டிலில் கிடந்தபோது நீ எல்லாம் செய்தாய். மருந்து வாங்கினாய், டாக்டரைக் கூட்டிவந்தாய், மின்விசிறியை மாற்றினாய். ஆனால் கட்டிலுக்கு அருகில் வரவில்லை. நிலைப்படியில் நின்று “எப்படி இருக்கியோ அப்பா” என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவாய். அப்பாவின் நகத்தை வெட்டியது நான். நான் கல்யாணம் பண்ணித் திரும்பி வந்தவள், நீ பண்ணிக்கொள்ளாமலே இருந்தவன், அம்மாவை விட்டால் வீட்டில் வேறு யார் இருந்தார்கள்? அப்போது எனக்கு உன்மேல் வந்த கோபத்தை நான் சொன்னதில்லை. உனக்குத் தெரிந்திருக்கும்.

மாடசாமி அண்ணாச்சியின் காலைப் பிடித்தபோது அப்பாவை நினைத்தாயா? இல்லை, வேறு யாருடைய அப்பாவோ என்பதால்தான் தொட முடிந்ததா? இதைக் கேட்டு நீ பதில் சொல்லி, நான் உன்னோடு ஒருமுறை நன்றாகச் சண்டை போட்டிருந்தால் இந்தப் படத்தை இத்தனை தடவை பார்த்திருக்க மாட்டேனோ என்னவோ.

நீ வேலை பார்த்த நில அளவை அலுவலகத்தின் அடையாள அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருக்கிறோம். வேறு கிடைக்கவில்லை. வாயை இறுக்கிக்கொண்டு, நேரே முறைத்துக்கொண்டு. அம்மா அதற்குப் பூ வைக்கும்போதெல்லாம் ஒரு சொல் சொல்லாமல் இருப்பதில்லை.

“இது என் பிள்ளையில்ல. ஆரோ ஆபீசராக்கும். இத்தன வருசம் வண்டியில போனானே மக்ளே, ஒருத்தன் கையிலயும் ஒரு படம் இல்லியா?”

“இல்லம்மா. எடுக்கக் கூடாதுன்னு அவனே விதி வச்சிருந்தான்.”

“விதியாம் விதி. பெத்தவ கண்ணுக்கு வெதி வைக்க இவன் ஆரு?”

சஜி வந்துபோன மறுநாள் மத்தியானம் நான் போனைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மாவின் அறைக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அவள் கண்ணைத் திறந்து, “என்ன மக்ளே?” என்றாள். மாத்திரை போட்டாயா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

காட்டியிருந்தால் என்ன? அம்மா அழுதிருப்பாள், சிரித்திருப்பாள். பெரியம்மாவுக்கு அனுப்பு, கோயம்புத்தூர்க்காரர்களுக்கு அனுப்பு என்றிருப்பாள். உன் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே போகிற அத்தனை பேரும், எச்சில் வழிய உட்கார்ந்திருக்கிற ஒருவரையும் பார்ப்பார்கள். உன் பக்கத்தை மட்டும் வெட்டி எடுக்கலாமே என்று தோன்றியது. எடுத்தும் பார்த்தேன், ஒளிக்காமல் சொல்கிறேன். அவர் கால் உன் மடியில் இருக்கிறது அண்ணா. எப்படி வெட்டினாலும் யாரோ ஒருவருடைய கால் வந்துவிடுகிறது. அதையும் வெட்டினால் நீ எதையோ பார்த்து வெறுமனே சிரிக்கிறாய்.

போன ஞாயிறு டீச்சர் வீட்டில் புதியவர்களுக்கு விதி வாசித்தேன். இரண்டு பேர் சேர்கிறார்கள். அதில் ப்ரியா என்ற பெண் என் அலுவலகத்துக்கு அடுத்த கட்டிடத்தில் வேலை பார்ப்பவள். ஹெல்மெட்டில் காமிரா மாட்டிய பெரிய வண்டியில் வந்திறங்கினாள். டீச்சர் அந்தக் காமிராவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மோளே, இது உறங்குமோ?”

“ஆஃப் பண்ணிடலாம் டீச்சர்.”

“கழற்றி எங்கிட்ட தா. சட்னி அரைக்கும்போ தலையில வெச்சு எடுக்கறேன், அது போதும்.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் நான்காவது விதியை வாசித்தேன். என் மடியில் இருந்த பைக்குள் போன், போனுக்குள் நீ. தலையை நிமிர்த்தி வாசி உமா, என்று டீச்சர் சொன்னார்.

ப்ரியா கேட்டாள்: “அவங்களே எடுத்துக்கோங்கன்னு சொன்னா சேச்சி?”

நீ சொன்னதை அப்படியே சொன்னேன். வாங்குகிற நேரத்தில் யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள், அதனால் அந்தச் சம்மதம் செல்லாது.

“அப்போ எப்பதான் அவங்க சரின்னு சொன்னா, அது நிஜமாவே சரி?”

புத்தகத்தைப் புரட்டினேன். நீ அதை எழுதவில்லை. சஜி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். டீச்சர்தான் மெல்லச் சொன்னார், “அது தாணு தன்னே பறயணம்.” தாணுவே வந்து சொல்ல வேண்டும் என்று. நீ வந்து சொல்ல மாட்டாய் என்பதால்தான் இந்தக் கடிதம்.

செல்லத்தாய் அக்காவை உனக்கு நினைவிருக்கும், மாடசாமி அண்ணாச்சியின் மனைவி. நீ போய் நான்கு மாதம் கழித்து, முதல் தடவையாக நான் மலையேறிய அன்று, பட்டியலில் மூன்றாவது வீடு அவருடையது. நான் யார் என்று சொல்லுமுன்னே முகத்தைப் பார்த்துக் கண்டுகொண்டார்.

“நீ தம்பிக்குத் தங்கச்சியா? எங்க தாயி அவனை? நாலு மாசமா ஆளைக் காணும். மலைக்கு வரச் சடவா இருக்கா?”

மற்றவர்கள் நீ இறந்ததை அவருக்குச் சொல்லவில்லை. யார் சொல்வது என்று ஒருவர்மேல் ஒருவர் விட்டிருக்கிறார்கள். நான் சொன்னேன். அலுவலகத்தில் மதியம் சாப்பிட்டுவிட்டு மேசையில் தலை வைத்துப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை என்று சொன்னேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

“அவருக்குச் சொல்லிராத தாயி. தம்பி வரும்னு கால நீட்டிக்கிட்டே கெடக்காரு. நகம் வளந்துபோச்சுல்லா.”

அன்றுதான், அந்த வாசலில்தான், நீ அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய் என்பதே எனக்குத் தெரிந்தது. வீட்டில் ஒரு வார்த்தை சொன்னாயா நீ? நான் உள்ளே போய் அவர் காலடியில் உட்கார்ந்து நகவெட்டியை எடுத்தேன். ஒரு விரல் வெட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், காலை மெல்ல இழுத்துக்கொண்டார். நான் அதோடு நிறுத்திவிட்டேன்.

அந்த வருடமே அவரும் போய்விட்டார். வீடு பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. நாங்கள் வண்டியை உருட்டிக்கொண்டு அந்த வழியாகப் போகும்போது செல்லத்தாய் அக்கா தண்ணீர்க் குழாயடியில் நின்று கையசைப்பார். போன மாதம் ஒரு மாவுப் பொட்டலம் மிஞ்சியது. நான் அவரிடம் நீட்டினேன்.

“எனக்கெதுக்கு தாயி? நான் நல்லாத்தான் இருக்கேன். கெடக்கவங்களுக்குக் கொண்டு குடு.”

சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட வந்தது, வாங்கிக்கொண்டிருக்கலாமே என்று.

இன்று காலை உன் விரலை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ப்ரியாவின் கேள்விக்கு அந்தக் குழாயடியில் பதில் கிடைத்திருக்கிறது என்று தோன்றியது. அவர் இப்போது என்னிடம் வேண்டாம் என்று சொல்கிறார். தயங்காமல் சொல்கிறார். அந்த வீட்டுக்கு நாம் கொண்டுபோக ஒன்றும் இல்லை, அவர் நம்மிடம் வாங்கவும் ஒன்றும் இல்லை. இனி அவர் ஆமாம் என்றால் அது ஆமாம்தான், மாட்டேன் என்றால் மாட்டேன்தான். சரியாகச் சொல்கிறேனா? உன் விதியை எனக்குச் சாதகமாக வளைக்கிறேனா? என் ஆசையை எனக்குத் தெரியும் அண்ணா, அதனால்தான் உன்னிடமே கேட்கிறேன்.

இத்தனை நாளும் இந்தப் படம் யாருடையது என்று யோசித்தேன். எடுத்தது சஜி, வைத்திருப்பது நான், தவிப்பது அம்மா. அதில் இருக்கிற இரண்டு பேரும் இப்போது இல்லை. ஆனால் அந்த வாசற்படியில் இன்றும் ஒருத்தி கோலம் போடுகிறாள். அவள் புருஷன் சிரிக்கிற படம் ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. பதினொரு நாளில் அவளை நான் நினைத்தது இன்றுதான் முதல் தடவை. அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஆகையால் முடிவு செய்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை, சஜியிடமும் டீச்சரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். நாளை ஸ்டூடியோவில் பக்கத்திலேயே நின்று ஒரே ஒரு பிரதி போடுவேன், அவர்கள் கணினியில் அதை அழிப்பதையும் பார்ப்பேன். சனிக்கிழமை ஒரு வாடகைக் கார் பிடித்து அம்மாவைப் பொன்முடிக்குக் கூட்டிப்போவேன். தாணு போய்வந்துகொண்டிருந்த ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறோம் என்று மட்டும் சொல்வேன். செல்லத்தாய் அக்காவைத் தனியே அழைத்து, உறையை அவர் கையில் கொடுத்து, எப்படி எடுக்கப்பட்டது, யார் ஒளித்து வைத்தார்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்வேன். ஏச்சு விழுந்தால் வாங்கிக்கொள்வேன்.

அதற்குப் பிறகு எல்லாம் அவர் இஷ்டம். அம்மாவுக்குக் காட்டினால் அம்மா பார்ப்பாள். காட்டாமல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால், அடுப்பில் போட்டால், கட்டஞ்சாயா குடித்துவிட்டு மலையிறங்குவோம். காரில் வரும்போது நீ நகம் வெட்டியதை, தலையைச் சாய்த்துச் சிரித்ததை அம்மாவுக்கு வாயால் சொல்லிக்கொண்டே வருவேன். எனக்குத் தெரியும், அது போதாது.

மறுநாள் ஞாயிறு, கிழக்கேகோட்டையில் எல்லார் முன்னாலும் என் போனிலிருந்து உன்னை அழிப்பேன். எடுத்ததைச் சஜி அவன் வாயால் சொல்லட்டும். பதினொரு நாள் வைத்திருந்ததையும், வெட்டிப் பார்த்ததையும், பிரதி போட்டதையும் நான் சொல்வேன். நீ நின்ற அதே இடத்தில் மூன்று மாதம் நின்று சாமான் கட்டித் தருவேன். எனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டேன், இது உனக்கு நான் தரும் வாக்கு. நாளைக் காலையும் சனிக்கிழமைக் காலையும் மட்டும் இருக்கிறது. அந்த இரண்டு காலையும் விரித்துப் பார்க்காமல், படத்தை முழுசாக, உங்கள் இருவரையும் சேர்த்துப் பார்ப்பேன்.

உன் கூடப்பிறந்தவள்,
அப்பாவின் நகத்தை வெட்டியவள்,
உமா